கை காட்டினால் போய்விடலாமா?

எங்கள் தெருக்கோடி வீட்டு இளம் தாயார் ஒருத்தி சமீபத்தில் ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கினாள். ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டி விட்டாளாம். ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆனால் முகத்தில் பொங்கலின் களை இல்லை.

"ஏனுங்க்கா, எட்டுப் போடறது சுளுவா இருக்குதுங்க. ரோட்டுல எறங்கினாத்தான் அவனவன் என்ன சொல்றான்னே புரிய மாட்டேங்குது. ஒருத்தன் லைட்டை அடிக்கறான். ஒருத்தன் கையை ஆட்டறான். லாரிக்காரன் வலது பக்கம் விளக்கைப் போட்டுட்டு நேராப் போறான். அந்தப் புஸ்தகத்துல இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்களே?"

நியாயமான கேள்விதான். லைசென்ஸ் புஸ்தகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை இருக்கிறது. வளைவு, பள்ளிக்கூடம், ரயில்வே கேட் எல்லாம் படம் போட்டு இருக்கிறது. ஆனால் உடுமலை பஸ் நிலையத்தைச் சுற்றிக் காலை எட்டரை மணிக்கு ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பாஷை அதில் இல்லை. அந்தப் பாஷையைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும், மாமியார் வீட்டுப் பழக்கங்களைப் போல! ஒரு வித்தியாசம். மாமியார் வீட்டில் ரசத்துக்குப் புளி கூடினால் ஒரு நாள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். ரோட்டில் அர்த்தம் மாறினால் என்ன ஆகும் என்பதை நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த லைட் அடிக்கும் சமாசாரம். எதிரே வருகிற வண்டி முன்விளக்கை இரண்டு தடவை 'பளிச் பளிச்' என்று அடித்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? "நான் வந்துகொண்டே இருக்கிறேன், நிற்க மாட்டேன், நீ நில்" என்று அர்த்தம். இதே பளிச்சுக்கு இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் "நீங்கள் முதலில் போங்கள்" என்பது! தலைகீழ். லண்டனிலிருந்து லீவில் வந்த என் தங்கை மகன் தாராபுரம் ரோட்டில் காரைத் திருப்பக் காத்திருந்தபோது எதிரே வந்த லாரி விளக்கை அடித்தது. அவன் "தேங்க்யூ" என்று தலையை ஆட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான் பாருங்கள்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் அரசாங்கத்தின் சாலை விதிப் புத்தகம், "நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே விளக்கை அடி, வேறு சேதி சொல்ல அடிக்காதே" என்றுதான் சொல்கிறது. ஜனங்கள் கேட்டால்தானே! எழுதாத விதி என்றால் எல்லா ஊரிலும் எழுதின விதியைவிட அதற்கு மவுசு அதிகம் போலிருக்கிறது.

அதனால் நம் பக்கத்தில் யார் விளக்கை அடித்தாலும் "நில்" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நிஜமாகவே வழிவிடுகிறவராக இருந்தால் இரண்டு நொடி கழித்து வண்டியை நிறுத்துவார். நாம் நின்றதால் நஷ்டம் அந்த இரண்டு நொடிதான்.

அடுத்தது, லாரியின் வலது விளக்கு. இது சற்றுச் சிக்கலான விஷயம். இருவழிப் பாதையில் நமக்கு முன்னால் மெதுவாக ஒரு லாரி போகிறது. வலது பக்க இண்டிகேட்டர் மின்னுகிறது. அவர் வலது பக்கம் திரும்பப் போகிறார் என்பது புஸ்தகத்துப் பொருள். "எதிரே வண்டி வருகிறது, என்னைத் தாண்டாதே" என்பது சில டிரைவர்களுடைய பொருள். "முன்னால் ரோடு காலி, வலது பக்கமாகத் தாண்டிப் போ" என்பது வேறு சில டிரைவர்களுடைய பொருள். ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம்! அதில் இரண்டு அர்த்தத்துக்கு நாம் பின்னாலேயே இருக்க வேண்டும். மூன்றாவதற்குத் தாண்ட வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்கள் வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் வீசுவார்கள். "என்னைத் தாண்டிப் போகலாம்" என்ற அந்தச் சைகை 1989ஆம் வருடத்துச் சாலை ஒழுங்கு விதிகளிலேயே இருந்தது. கை பேசியவரைக்கும் குழப்பமில்லை. கையின் வேலையை விளக்கு எடுத்துக்கொண்டதும் ஆளுக்கொரு அகராதி ஆகிவிட்டது.

நம்மைப் போன்ற ஸ்கூட்டர்க்காரிகளுக்கு என் யோசனை இதுதான். முன்னால் இருநூறு கஜம் ரோட்டை உங்கள் சொந்தக் கண்ணால் பார்க்க முடியாவிட்டால், லாரி என்ன சொன்னாலும் பின்னாலேயே போங்கள். பழநி ரோட்டில் ஒரு தேங்காய் லாரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் போவதால் குடி முழுகிவிடாது. ஆனால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற தூரத்தில் போனால்தான் உங்களையும் அவருக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை.

சில வருடங்களுக்கு முன்னால், பொள்ளாச்சி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து வலது பக்கம் திரும்பக் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். முன்னால் நின்றுகொண்டு பேரன், அப்போது ஐந்து வயது. ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்கு ராஜ மரியாதை. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். வலப்புறமிருந்து வந்த ஒரு பஸ் எனக்காகவே வேகத்தைக் குறைத்து நின்றது. டிரைவர் சிரித்த முகத்தோடு, "போங்கம்மா, போங்க" என்று கையைக் காட்டினார். எவ்வளவு நல்ல மனுஷர்! நானும் தலையை ஆட்டிவிட்டுச் சட்டென்று கிளம்பினேன். காத்திருக்க வைக்கிறோமே என்ற கூச்சம் வேறு. நமக்குத்தான் யாராவது வழிவிட்டால் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஓடுகிற பழக்கம் உண்டே!

பஸ்ஸின் மூக்கைத் தாண்டினேன். அந்தக் கணத்தில் பஸ்ஸுக்கு வலது பக்கமாக ஒரு வேன் தாண்டி வந்தது. பஸ் ஏன் நிற்கிறது என்று அந்த வேன்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆள் இறங்குகிறது என்று நினைத்திருப்பான். அவன் போட்ட பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்திருக்கும். மோதவில்லை. ஆனால் பேரனுடைய வாய் ஹேண்டிலில் இடித்து மேலுதடு கிழிந்துவிட்டது. சட்டையெல்லாம் ரத்தம். மூன்று தையல்.

பஸ் டிரைவர்தான் முதலில் இறங்கி ஓடி வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குழந்தை வாயைக் கழுவினார். அவர் கை நடுங்கியது. "நான் முன்னாலதானுங்கம்மா பாத்தேன். பின்னால அவன் வந்ததைப் பாக்கலீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? உபகாரம் செய்ய நினைத்த மனுஷர். தப்பு என்னுடையது. அவர் கை, "நான் நிற்கிறேன்" என்று மட்டும்தான் சொன்னது. "ரோடு காலி" என்று நானாகச் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

அன்று இரவு மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. குழந்தைக்குப் பாலை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே, "அத்தை, நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

அதிலிருந்து நான் செய்கிறதைச் சொல்கிறேன். யாராவது நின்று வழிவிட்டால், நன்றி என்று தலையசைத்துவிட்டு, அவர் வண்டியின் மூக்கு வரைக்கும் மட்டும் மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். அங்கே காலை ஊன்றி நிற்பேன். கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். சந்தேகமில்லை என்றால்தான் மிச்ச ரோடு. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். நடந்து கடக்கும்போதும் இதேதான். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் கடப்பவர்கள் பஸ்ஸின் ஓரத்தில் ஒரு தடவை நின்றே ஆகவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் வழிவிடுகிறவர்களாக இருக்கும்போது கையை ஆட்டி "போ, போ" என்று அவசரப்படுத்தக் கூடாது. வண்டியை நிறுத்தினால் போதும். போவதா வேண்டாமா என்று அவர்களே பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளட்டும். நமக்கு முன்னால் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றால் அதைத் தாண்டவே கூடாது. காரணம் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அது அநேகமாக ஒரு கிழவியாகவோ, பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குழந்தையாகவோ இருக்கும். பள்ளிக்கூட வேன் நின்றால் கேட்கவே வேண்டாம். இறங்கிய குழந்தை வேனுக்கு முன்னால் சுற்றிக்கொண்டுதான் ஓடி வரும்.

பேரன் இப்போது முன்னால் நிற்பதில்லை. பின்னால் உட்கார்ந்து, தலையில் தன் அளவுக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறான். சகோதரிகளே, இது எழுதாத விதி அல்ல, எழுதின விதி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நாலு வயது தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். நாலு வயதுக்குக் கீழே இருந்தால், ஓட்டுகிறவரோடு குழந்தையைச் சேர்த்துக் கட்டுகிற பெல்ட், குழந்தைக்கு ஹெல்மெட், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2022இல் விதி செய்து, 2023 பிப்ரவரியிலிருந்து அமலுக்கு வந்திருக்கிறது. நம் தெருக்களில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். முன்னால் நிற்கிற குழந்தைக்கும் ஹேண்டிலுக்கும் இடையே எதுவும் இல்லை என்பதை நான் பார்த்துவிட்டேன். இன்னொன்று: மத்தியானம் யு.கே.ஜி. விட்டு வரும் குழந்தை வண்டியில் தூங்கிவிடும். பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தால் சரிந்துவிடும். வழியெல்லாம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பேச்சு நின்றால் வண்டியையும் நிறுத்துங்கள்.

பின்னால் உட்காரும் பெரியவர்களுக்கும் ஒரு பண்பாடு உண்டு. எங்கள் சொந்தத்தில் ஒரு பாட்டி, நங்கையாள் ஓட்டும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் டிராஃபிக் போலீஸ் உத்தியோகம் பார்ப்பார். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை! ஒரு நாள் தளி ரோட்டில் ஜவுளிக்கடையைக் காட்டி, "அங்க பாரு, தள்ளுபடி போட்டிருக்கான்" என்று வலது கையை நீட்டினார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் இவர்கள் வலது பக்கம் திரும்புவதாக எண்ணி, இடது பக்கமாகப் புகுந்து, சாக்கடை ஓரத்துக்கே போய்விட்டார். நங்கையாளோ எதற்கும் நேராகவே போய்க்கொண்டிருக்கிறாள்! பின்னால் இருப்பவர் கை காட்டுவதாக இருந்தால் ஓட்டுகிறவள் கேட்டால் மட்டும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கையை மடியில் வைத்துக்கொள்வதே உத்தமம்.

புடவையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின் சக்கரத்தில் பாதியையாவது மூடுகிற தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்கக் கூடாது என்பதற்காக. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் பையன்களின் வண்டியில் ஏறாதீர்கள். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தொங்குகிற பாகத்தைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா என்றால் பின்னால் முடிச்சு. ரோட்டில் யாருடைய தலைப்பாவது தொங்குவதைப் பார்த்தால் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். "ஏனுங்க, முந்தானை தொங்குதுங்க" என்று முன்பின் தெரியாதவர் சொல்வதும், "ஸ்டாண்டு எடுக்கலீங்க" என்று எதிரே வருகிறவர் குரல் கொடுப்பதும்தான் நம் ஊர் ரோட்டின் தங்கமான வழக்கம். இதை எந்த அதிகாரியும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஹாரனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம். மற்ற இடங்களில் ஒரு சின்ன 'பீம்' என்றால் "நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று அர்த்தம். அமுக்கிப் பிடித்தால் திட்டு என்று அர்த்தம். கைத்தடியோடு போகிற பெரியவருக்குப் பின்னால் அந்தச் சின்ன பீம்கூட வேண்டாம். அவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று அவருக்கே தெரியாது.

நம் பகுதிக்கென்றே சில பருவங்கள் இருக்கின்றன. தைப்பூசம் நெருங்கினால் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கோவைப் பக்கமிருந்தும் பழநிக்குப் பாதயாத்திரை. ராத்திரியெல்லாம் ரோட்டோரம் வரிசையாக நடப்பார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. வரிசையின் நடுவே வண்டியைச் செருகாமல், கடைசி ஆள் போகும்வரை நின்று போவதுதான் மரியாதை. முன்விளக்கைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். கண் கூசினால் நடக்கிறவர் பள்ளம் தெரியாமல் காலை வைத்துவிடுவார்.

சோள அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோடுகளில் பாதி ரோட்டுக்கு மக்காச்சோளம் காயும். விவசாயி வீட்டுப் பெண்ணாக எனக்கு அவர்கள் கஷ்டம் தெரியும். களம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் சோளத்தைச் சுற்றி வைக்கிற கல்லைச் சாயங்காலம் அள்ளும்போது எடுத்து ஓரமாகப் போட வேண்டாமா? இருட்டில் அந்தக் கல் ஒரு உயிரையே வாங்கிவிடும். இது நம் வீட்டு ஆண்களிடம் நாமே சொல்ல வேண்டிய விஷயம். சோளத்தின் மேல் பிரேக் போட்டால் ஸ்கூட்டர் சறுக்கும்; தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆடி மாதத்துக் காற்றை உடுமலைக்காரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலையைச் சுற்றுகிற காற்று, ஸ்கூட்டரை விட்டுவிடுமா? பெரிய லாரி நம்மைத் தாண்டும்போது முதலில் காற்று நிற்கும், பிறகு ஒரேயடியாக அடித்துத் தள்ளும். அந்தச் சமயத்தில் ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வித்தை இல்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் ஆடுகிறது. அதனால் ஆடியில் பக்கத்து வண்டிக்கு ஒரு முழம் கூடுதலாக இடம் விடுங்கள்.

நூற்றியெட்டு வண்டிக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்குவதில்லை என்பதும் உண்மை. சத்தம் கேட்டாலே ஜனங்கள் "யாரு பெத்த புள்ளையோ" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒன்றே ஒன்று: திடீரென்று நடு ரோட்டில் நின்றுவிடாமல் இடது பக்கமாக ஒதுங்குங்கள். அந்த வண்டி கிழித்த வழியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயமும் இனி வேண்டாம். உதவி செய்தவரைப் பாதுகாக்கும் பிரிவு அதே திருத்தத்தில் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

மூணாறு ரோட்டுக்கு மட்டும் தனி அகராதி. ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் ரோடு நம்முடையது அல்ல, யானையுடையது. அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்க இறங்குகிற கூட்டம் ரோட்டைக் கடக்கும். அங்கே ஹாரனும் கூடாது, விளக்கை அடிப்பதும் கூடாது, இறங்கிப் போட்டோ எடுப்பது கூடவே கூடாது. குட்டி கடந்துவிட்டதே என்று கிளம்பாதீர்கள். தாய் பின்னால் வருவாள். மலையில் குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது எழுதின விதி. மேட்டில் நின்று மறுபடி கிளம்புவதுதானே கஷ்டம்?

கடைசியாக, திட்டு வாங்குவதைப் பற்றி. பெண் ஓட்டினால், "வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்காமல் போக சிலருக்கு மனசு வராது. தப்பு அவர் பேரில் இருந்தாலும் கேட்பார். பதில் பேச ஆரம்பித்தால் கவனம் அவரிடம் போய்விடும். ரோடு அப்படியே இருக்கும். தப்பு நம் பேரில் என்றால் ஒரு கையை லேசாக உயர்த்தினால் போதும், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல, காரின் நாலு ஓர விளக்குகளையும் இரண்டு தடவை மின்னவைப்பார்களாம். நமக்குத் தலையசைப்பே போதும்.

இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் சர்க்கரைப் பொங்கல் ஆறிவிட்டது. தெருக்கோடிப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, நாளைக்கு ஒரு நாள் நீங்க பின்னால உக்காந்து வாங்களேனுங்க்கா" என்றாள். போனேன். பொள்ளாச்சி ரோட்டில் அதே சந்து. ஒரு கார் நின்று வழிவிட்டது. அவள் தலையசைத்தாள், காரின் மூக்கு வரைக்கும் உருட்டினாள், காலை ஊன்றினாள், எட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.